சளிக்குப் பெப்டைட் ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது, வேளச்சேரியில் இருக்கிறேன். சர்க்கரை உண்டு. மழைக்காலம் வந்தாலே சளி, இருமல் விடுவதில்லை. தைமோசின் ஆல்ஃபா-1, எல்எல்-37, பிபிசி-157 என்று மூன்று பெப்டைட்களைச் சொல்லி, ஆன்லைனில் வாங்கித் தருவதாக ஜிம் நண்பர் ஒருவர் சொல்கிறார். எதிர்ப்புச் சக்திக்கு எது நல்லது?

பதில்: பெப்டைட் என்பது புரதத்தின் சிறு துண்டு போன்றது. நீங்கள் சொன்னதில் மூன்றாவதை முதலில் தள்ளிவிடுவோம். பிபிசி-157 பெரும்பாலும் எலிகளிடம், தசைநார்க் காயத்துக்கும் குடல் புண்ணுக்கும் பார்க்கப்பட்டது. உங்கள் சளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளையாட்டு வீரர்களுக்கு 2022 முதல் தடையும் உண்டு.

எதிர்ப்புச் சக்திக்கென்றே மனிதர்களிடம் ஓரளவு நன்றாகச் சோதிக்கப்பட்டது தைமோசின் ஆல்ஃபா-1. கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து 1970-களில் பிரித்தெடுத்தார்கள். டி செல்கள் எனும், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் முதிர உதவும். ஹெபடைடிஸ் பி-க்குச் சில நாடுகளில் மருந்தாகவே தருகிறார்கள். ஆனால் சீனாவில் செப்சிஸ் (கிருமித் தொற்று முற்றி உறுப்புகள் பழுதாகும் நிலை) நோயாளிகள் 1,100 பேருக்கு மேல் சேர்த்துச் செய்த ஆய்வு 2025-இல் வெளிவந்தபோது, மருந்து போட்டவர்களுக்கும் ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கும் 28 நாள் இறப்பு விகிதத்தில் சொல்லும்படி வித்தியாசமில்லை. இதை நம்பி மழைக்காலச் சளிக்கு ஊசி போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்எல்-37 நம் உடம்பே சுரப்பது. கிருமியின் மேலுறையைத் துளைத்துக் கொல்லும். ஆறாத கால்புண்ணில் தடவிச் சோதித்திருக்கிறார்கள். அதே எல்எல்-37 சோரியாசிஸ் என்னும் தோல் நோயில், சிதைந்த செல்களின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு எதிர்ப்புச் செல்களை உசுப்பிவிடுகிறது. எதிர்ப்பு கூடினால் நல்லதுதானே என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் முடக்குவாதம் போன்ற நோய் இருந்தாலோ, மாற்று உறுப்பு பொருத்தியிருந்தாலோ இந்த விளையாட்டே கூடாது.

அப்புறம், அந்தக் குப்பியின் லேபிளைப் படியுங்கள். ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். உள்ளே இருப்பது சொன்ன பொருள்தானா, பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்க உங்களிடம் வழியில்லை. குளிரில் வைக்க வேண்டிய சரக்கு, நம் ஊர் வெயிலில் கூரியர் வண்டியில் எத்தனை நேரம் கிடந்ததோ!

சரி, என்ன செய்யலாம்? மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பாருங்கள். அது ஏறியிருந்தால் வெள்ளணுக்கள் மந்தமாகும். முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான். ஐப்பசி மழைக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடுங்கள், நிமோனியா தடுப்பூசியையும் மருத்துவரிடம் கேளுங்கள். சுவரில் ஈரம் பூத்து பூஞ்சை பிடித்திருந்தால் அந்த அலர்ஜியே இருமலாக வரலாம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.