டிஸ்கஸ் ஏன் திங்கட்கிழமை கறுக்கிறது?

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி வைத்திருக்கிறேன். நவம்பரில் சென்னை கொளத்தூரில் இருந்து 6 டிஸ்கஸ் மீன் வாங்கி வந்தேன். அதில் 4 டர்க்காய்ஸ் ரகம், 2 பிஜன் பிளட் ரகம். பாசி தின்ன 2 சக்கர் மீனும் விட்டேன். 100 வாட் ஹீட்டர் போட்டும் தெர்மாமீட்டர் 25 டிகிரிதான் காட்டுகிறது. ஞாயிறுதோறும் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு மாடித் தொட்டியில் இருந்து போர் தண்ணீரை நேரே டியூப் வைத்து நிரப்புகிறேன். திங்கட்கிழமை பார்த்தால் மீன்கள் கறுத்து, மூலையில் ஒதுங்கி, தீனி எடுப்பதில்லை. இரண்டு டர்க்காய்ஸ் செத்துவிட்டன. மீதியில் ஒன்றின் விலாவில் வட்டமாக வெளிறிய தழும்பு தெரிகிறது. கடையில் சொன்னபடி மெத்திலீன் ப்ளூவும் உப்பும் போட்டேன், பலன் இல்லை. கொளத்தூரில் என் மச்சான் ஹீட்டரே இல்லாமல் வளர்க்கிறார். வேறு என்ன மருந்து போடலாம், ஐயா?

பதில்: மருந்து எதுவும் வேண்டாம். பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றுகிறீர்கள், திங்கட்கிழமை மீன் கறுக்கிறது. நோய் கிழமை பார்த்து வராது.

முதலில் மச்சான் விஷயம். சென்னையில் வருஷத்தில் பாதிக்கு மேல் வீட்டுத் தண்ணீரே 28 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். டிஸ்கஸ் அமேசான் ஆற்றுப்படுகை மீன். அதற்குப் பிடித்தது 28 முதல் 30 டிகிரி. நீங்கள் இருக்கும் ஊர் கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டருக்கு மேலே. மார்கழி, தையில் விடியற்காலை 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். இரவெல்லாம் மொட்டை மாடியில் பனி வாங்கிய தண்ணீர் காலையில் 19 டிகிரி இருந்தால் அதிகம். 25 டிகிரித் தொட்டியில் அதைப் பாதிக்குப் பாதி கலந்தால் 22. ஏற்கெனவே குளிரில் இருக்கும் மீன்மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டிய கதைதான்.

உங்கள் ஹீட்டரையும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டி 9 கன அடி, அதாவது 255 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 220 லிட்டர் என்று வையுங்கள். இதை ஒரு டிகிரி சூடேற்றவே 100 வாட் ஹீட்டர் இரண்டரை மணி நேரம் ஓட வேண்டும். அதுவும் ஒரு துளி வெப்பம் வெளியே போகாமல் இருந்தால்! இந்தக் குளிரில் அது 24 மணி நேரம் எரிந்தாலும் 29ஐ எட்டாது. 150 வாட்டில் இரண்டு வாங்கி, தொட்டியின் முனைக்கு ஒன்றாக வையுங்கள். 300 வாட்டில் ஒன்றே போதாதா என்று கேட்பீர்கள். அது அணையாமல் மாட்டிக்கொண்டால் காலையில் மீன் குழம்புதான். தண்ணீர் இறைக்கும்போது ஸ்விட்சை அணைக்க மறக்காதீர்கள். சூடான ஹீட்டர் கண்ணாடிமேல் குளிர் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். 25ல் இருந்து 29க்கு ஒரே நாளில் தூக்க வேண்டாம், மூன்று நான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கண்ணாடி மூடி போட்டால் கரண்ட் பில்லும் கொஞ்சம் குறையும்.

அடுத்தது தண்ணீர். நிலத்தடியில் இருந்து வருவதில் கரியமில வாயு கரைந்திருக்கும். காற்றுப் பட்டதும் அது வெளியேற, பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) ஏறும். அந்த ஏற்றம் தொட்டிக்குள், மீன் இருக்கும்போதே நடந்தால் அதற்குப் பெரிய அதிர்ச்சி. அதனால் 200 லிட்டர் நீல டிரம் ஒன்று வாங்குங்கள். தண்ணீர் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு, ஒரு நாள் முழுக்கக் குமிழ விடுங்கள். அதிலும் ஒரு ஹீட்டர் போட்டுத் தொட்டியின் சூட்டுக்குக் கொண்டு வந்த பிறகு ஊற்றுங்கள். வீட்டுக்குக் காவேரி தண்ணீர் வந்தால் அதையே பிடியுங்கள். போர் தண்ணீர் அளவுக்குக் கடினம் இருக்காது. ஆனால் குளோரின் இருக்கும், அதற்கும் இதே டிரம் வைத்தியம்தான். டேங்கர் தண்ணீர் என்றால் ஒவ்வொரு லோடுக்கும் டிடிஎஸ் மீட்டர் (கரைந்திருக்கும் உப்பை அளப்பது) வைத்துப் பாருங்கள். ஒரு லோடு போல இன்னொன்று இருக்காது. பிஎச் குறைக்கும் திரவங்களைத் தொடவே வேண்டாம். பண்ணையில் பிறந்த டிஸ்கஸ் 7.5 வரை சமாளித்துக்கொள்ளும், தினம் ஒரு அளவாக ஆடினால்தான் தாங்காது.

மெத்திலீன் ப்ளூ போட்டதில் இன்னொரு வினை சேர்ந்திருக்கிறது. பில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவை அது கொன்றிருக்கும். இப்போது மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியாவைத் தின்ன ஆள் இல்லை. கடையில் அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். பூஜ்யம் தவிர வேறு எது காட்டினாலும் ஆபத்து. பில்டர் மறுபடி உயிர் பெறும் வரை, அநேகமாக ஒரு மாதம், தினமும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை டிரம்மில் இருந்து மாற்றுங்கள். வாரம் ஒரு முறை பாதி என்பதை விட்டுவிடுங்கள்.

அந்த வட்டத் தழும்பு புண் அல்ல என்று நினைக்கிறேன். இரவு 11 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, அரை மணி கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கர் மீன் டிஸ்கஸின் விலாவில் வாயை ஒட்டி உறிஞ்சிக்கொண்டிருக்கும். டிஸ்கஸுக்குத் தோல்மேல் வழவழப்பு அதிகம். அதன் குஞ்சுகளுக்குத் தாய்ப்பால் மாதிரி அதுதான் முதல் உணவு; தாய், தந்தை இரண்டின் உடம்பிலும் மொய்த்து மேயும். சக்கருக்கும் அந்த ருசி தெரிந்துவிட்டது. இரண்டையும் இன்றே கடையில் திருப்பிக் கொடுங்கள்.

நிறத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டர்க்காய்ஸ் வருந்தினால் உடம்பில் கறுப்புக் கோடுகள் வரிசையாக எழும்பும். பிஜன் பிளட்டுக்கு அந்தக் கோடே கிடையாது, மிளகுத் தூள் தூவியது போலப் புள்ளி கூடும். அவ்வளவுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

தீனியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கடையில் உயிரோடு விற்கும் டியூபிபெக்ஸ் புழு போடுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள், சாக்கடையில் பிடித்தது அது. உப்புப் போடாத இறாலை உரித்து, கொஞ்சம் பசலைக்கீரையோடு அரைத்து, கவரில் தட்டையாக்கி பிரீசரில் வையுங்கள். துளித்துளியாக உடைத்துப் போட்டு, கால் மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள். இப்போதைக்கு நாளைக்கு இரண்டு வேளை போதும்.

செத்த இரண்டுக்குப் பதிலாகப் புதிய மீன் இப்போது வேண்டாம். டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன், நான்கு மட்டும் இருந்தால் பெரியது சின்னதை விரட்டும் என்பது உண்மைதான். ஆனாலும் பில்டர் சரியாகட்டும். அப்புறம் வாங்குவதைத் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூடும் தண்ணீரும் சரியான பிறகு பத்து நாள் பொறுங்கள். அதற்கு மேலும் ஏதாவது ஒன்று சாப்பிடாமல், வெள்ளை நூல் போல நீளமாகக் கழிந்தால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். வெறும் வயிறாலும் அப்படிக் கழியும், அதனால் அவசரப்பட்டு நீங்களே மாத்திரை வாங்கிப் போடாமல், மீனையும் தொட்டித் தண்ணீரில் ஒரு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் போய் விசாரியுங்கள்.