பிள்ளை கார் பழகும்போது இன்சூரன்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது பற்றி வந்த கடிதங்களிலிருந்து இன்சூரன்ஸ் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், சட்டமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதனால் எது எந்த நாட்டு விதி என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மகள் பழகுநர் உரிமம் வாங்கிவிட்டாள். வீட்டில் ஒரே கார். என் பெயரில் முழு இன்சூரன்ஸ் இருக்கிறது. அது அவளுக்கும் போதாதா?

பதில்: உங்கள் நாட்டில் இன்சூரன்ஸ் காரைப் பார்க்கிறதா, ஓட்டுகிற ஆளைப் பார்க்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தியாவில் பாலிசி காருக்குத்தான். யார் யார் ஓட்டுவார்கள் என்று பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பாலிசிக்குள் ஓட்டுநர் பற்றி ஒரு பத்தி இருக்கும், அதை எடுத்துப் படியுங்கள். எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், வைத்திருப்பவரும் ஓட்டலாம், 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-வது விதிப்படி ஓட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். அந்த விதிப்படி, முறையான உரிமம் உள்ள ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். எல்எல்ஆர் 6 மாதத்துக்குத்தான் செல்லும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பழகுநர் ஓட்டிய வண்டி விபத்தில் சிக்கினாலும் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுத்தாக வேண்டும் என்று சுவரண் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அடிபட்டவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் பக்கத்தில் யாரும் இல்லாமல் ஓட்டியிருந்தால் உங்கள் காரின் சேதத்துக்கான கிளெய்மை நிறுவனம் மறுக்கலாம். மூன்றாம் நபருக்குக் கொடுத்த பணத்தையும் உங்களிடம் திருப்பிக் கேட்க வழி உண்டு.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே பாலிசியில் யார் யார் ஓட்டலாம் என்று எழுதியிருக்கிறதோ அவர்களுக்குத்தான் பாதுகாப்பு. பெயர் இல்லாத பிள்ளை உங்கள் காரை ஓட்டினால், நீங்கள் எவ்வளவு பெரிய பாலிசி வைத்திருந்தாலும், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. உங்கள் பாலிசியில் பெயரைச் சேர்க்க வேண்டும், அல்லது பழகுநருக்கென்றே விற்கும் தனி பாலிசி எடுக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டில் இருக்கிற, ஓட்டும் வயதை எட்டிய எல்லாரையும் பற்றி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. பழகும் காலத்தில் பல நிறுவனங்கள் கூடுதல் பிரீமியம் கேட்பதில்லை. 'பணம் கேட்கப் போவதில்லையே, பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்று பெற்றோர் விட்டுவிடுவது அதனால்தான். அப்படி விடாதீர்கள். சொன்னதால் ஒரு காசும் கூடாமல் போகலாம், சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு அதுவே நிறுவனத்தின் முதல் கேள்வியாக வரும்.

எந்த நாடாக இருந்தாலும், பிள்ளை ஸ்டீயரிங் பிடிப்பதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிள்ளையின் பிறந்த தேதி, உரிம எண், எந்தக் காரை ஓட்டப் போகிறார், யார் பக்கத்தில் இருப்பார் என்று எழுதி, 'இவருக்கு என் பாலிசியில் பாதுகாப்பு உண்டா, எந்தெந்த நிபந்தனைகளோடு?' என்று கேளுங்கள். தொலைபேசியில் 'அதெல்லாம் பிரச்சினை இல்லை சார்' என்று ஒருவர் சொன்னது பின்னால் எதற்கும் உதவாது. எழுத்தில் வந்த பதிலை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: மகனுக்காகவே ஒரு பழைய கார் வாங்குகிறோம், கல்லூரிக்குப் போய்வர. 'உங்கள் பெயரில் பாலிசி எடுத்து, பையனை இரண்டாவது ஓட்டுநராகப் போட்டால் பிரீமியம் நிறையக் குறையும்' என்கிறார் ஏஜென்ட். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாமே?

பதில்: செய்யாதீர்கள். ஓட்டுபவரை வைத்து விலை போடும் நாடுகளில் இது மோசடி. பிரிட்டனில் இதற்கு 'ஃப்ரன்டிங்' என்று தனிப் பெயரே உண்டு.

காரை அதிகம் ஓட்டுகிறவர்தான் முதன்மை ஓட்டுநர். கார் யார் காசில் வந்தது, பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. தினமும் கல்லூரிக்கு ஓட்டிப்போவது உங்கள் மகன் என்றால் விண்ணப்பத்தில் அவர் பெயர்தான் முதலில் வர வேண்டும்.

கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற நினைப்பும் வேண்டாம். பெரிய கிளெய்ம் வந்தால் விசாரிப்பார்கள். கார் இரவில் எங்கே நிற்கிறது, விபத்து எந்த நேரத்தில் எந்தச் சாலையில் நடந்தது, அப்பா அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நாலு கேள்வி கேட்டாலே போதும். பாலிசியையே செல்லாததாக்கி, கிளெய்மையும் மறுத்துவிடலாம். அதன் பிறகு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் 'இதற்கு முன் உங்கள் பாலிசி எதுவும் ரத்தாகியிருக்கிறதா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று நீங்கள் எழுத வேண்டிவரும். பொய் சொல்லாமல் கார் ஓட்டுங்கள் என்று பிள்ளைக்குச் சொல்லும் தகுதியையும் அந்தக் கையெழுத்திலேயே நாம் இழந்துவிடுகிறோம், எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது.

காரை நீங்கள்தான் அதிகம் ஓட்டுகிறீர்கள், மகன் வார இறுதியில் மட்டும் எடுக்கிறார் என்றால் அவரை இரண்டாவது ஓட்டுநராகப் போடுவதில் தவறே இல்லை. அது உண்மை நிலவரம். அதே போல, மகன் முதன்மை ஓட்டுநராக இருக்கும் பாலிசியில் அனுபவமுள்ள உங்களையோ உங்கள் துணைவரையோ கூடுதல் ஓட்டுநராகச் சேர்த்துப் பாருங்கள். நீங்களும் அவ்வப்போது அதை ஓட்டுவீர்கள் என்றால் அதுவும் நேர்மையானதுதான். சில நிறுவனங்களில் பிரீமியம் அதனால் குறையும்.

கேள்வி: பழகும் காலத்துக்குத் தனி பாலிசி எடுப்பதா, எங்கள் பாலிசியில் சேர்ப்பதா? எது லாபம்?

பதில்: இரண்டும் கிடைக்கிற நாட்டில் இருந்தால், உங்கள் நோ கிளெய்ம் போனஸின் மதிப்பு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பல ஆண்டுகள் கிளெய்ம் கேட்காமல் சேர்த்த தள்ளுபடி அது. பிள்ளை உங்கள் பாலிசியில் இருந்து, பார்க்கிங்கில் சுவரில் இடித்து நீங்கள் கிளெய்ம் செய்தால் அந்தத் தள்ளுபடி உங்களுக்குக் குறையும். பழகுநருக்கான தனி பாலிசிகளில் பெரும்பாலும் கிளெய்ம் அந்த பாலிசியின் கணக்கில் போகும், உங்களுடையது தப்பும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், வாங்கும் முன் அந்த வரியை ஆவணத்தில் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தனி பாலிசிகள் நாள், வாரம், மாதக் கணக்கில் கிடைக்கும். வாரம் ஒரு நாள் மட்டும் பழகும் பிள்ளைக்கு அதைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே போனால் செலவு கூடிவிடும். விடுமுறையில் தினமும் ஓட்டிப் பழகும் பிள்ளைக்கு அதுவே வசதி. இன்னொன்று: சில பழகுநர் பாலிசிகள், காருக்கு ஏற்கெனவே பெற்றோர் பெயரில் ஒரு பாலிசி இருந்தால்தான் செல்லும். அந்த அடிப்படை பாலிசி காலாவதியானால் இதுவும் போச்சு.

கேள்வி: மேற்பார்வைக்கு யார் வேண்டுமானாலும் பக்கத்தில் உட்காரலாமா? நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவனுடைய அண்ணன் கூடப் போகிறான், அவனுக்கு 20 வயது.

பதில்: நீங்கள் பிரிட்டனில் இருந்தால் கூடாது. அங்கே பக்கத்தில் உட்காருபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், உரிமம் வாங்கி 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் முழு உரிமத்தோடு குறைந்தது 4 ஆண்டு ஓட்டிய அனுபவம் தேவை. ஜெர்மனியில் 17 வயதில் துணையோடு ஓட்டும் திட்டத்தில் துணை வருபவருக்கு 30 வயதும் 5 ஆண்டு உரிமமும் கேட்கிறார்கள். இவை சட்டம் வைக்கும் எல்லைகள். இன்சூரன்ஸ் நிறுவனம் இதற்கு மேல் வயது வரம்பு வைக்கலாம், பழகுநர் பாலிசிகளில் அப்படி வைப்பதும் உண்டு. சட்டப்படி தகுதியுள்ள அண்ணன், பாலிசிப்படி தகுதியில்லாதவராக இருக்க முடியும். இரண்டையும் பாருங்கள்.

கூட வருகிறவர் தூங்கக் கூடாது, குடித்திருக்கக் கூடாது, போனில் மூழ்கியிருக்கக் கூடாது. தாத்தா, சித்தப்பா என்று பாசத்தோடு கூடப் போகிறவர்களிடம் இதை மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஓட்டுநர் பள்ளியின் காரில் பழகும்போது நாங்கள் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

பதில்: பள்ளியின் கார் என்றால் பொதுவாக அந்தப் பள்ளியே எடுத்திருக்கும். பயிற்சி கொடுப்பதற்கான பாலிசிதானா என்று கேட்டு, நகலைப் பாருங்கள். பயிற்சியாளர் உங்கள் காருக்கு வந்து கற்றுக்கொடுத்தால் அந்தப் பாலிசி உதவாது.

கேள்வி: பிரீமியத்தைக் கேட்டுத் தலை சுற்றுகிறது. எங்கள் பிள்ளை பொறுப்பானவன். ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்? எப்படிக் குறைப்பது?

பதில்: உங்கள் பிள்ளையை அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பார்ப்பது அந்த வயதுக்காரர்கள் எல்லாரையும் சேர்த்து. புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஆபத்தை முன்கூட்டியே கவனிக்கும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. இரவில் ஓட்டும்போதும் சம வயது நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகும்போதும் விபத்து வாய்ப்பு இன்னும் கூடுகிறது.

சிலர் 'பெண் பிள்ளைக்குக் குறைவாமே' என்றும் கேட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 டிசம்பர் 21 முதல் ஆண், பெண் என்று பார்த்துப் பிரீமியம் போடக் கூடாது. மற்ற நாடுகளில் அந்தந்த ஊர்ச் சட்டப்படி.

குறைக்க வேண்டுமானால் காரிலிருந்து தொடங்குங்கள். வேகமான எஞ்சின், விலையுயர்ந்த உதிரி பாகங்கள், திருட்டுக்குப் பேர்போன மாடல் எல்லாமே பிரீமியத்தை ஏற்றும். கார் வாங்கிவிட்டு இன்சூரன்ஸ் விலை கேட்கிறார்கள், அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். மூன்று நான்கு மாடல்களுக்குப் பிள்ளையின் பெயரில் விலை கேட்டுப் பார்த்துவிட்டுக் காரைத் தேர்ந்தெடுங்கள். பெரிய அலாய் வீல், எஞ்சினில் மாற்றம் போன்றவற்றைச் செய்தால் சொல்லியாக வேண்டும், விலையும் ஏறும்.

ஓட்டும் விதத்தைப் பதிவுசெய்யும் கருவியோ செயலியோ வைத்தால் சில நிறுவனங்கள் தள்ளுபடி தருகின்றன. வேகம், திடீர் பிரேக், எந்த நேரத்தில் ஓட்டுகிறார்கள் என்பதையெல்லாம் அது கவனிக்கும். இளம் ஓட்டுநருக்கு இதை நான் ஆதரிக்கிறேன், ஏனென்றால் பெற்றோர் சொன்னால் எடுபடாதது எண்களாகத் திரையில் வந்தால் எடுபடும். ஆனால் ஒரே காரை அப்பாவும் ஓட்டினால் அவருடைய திடீர் பிரேக் யார் கணக்கில் போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மோசமாக ஓட்டினால் பிரீமியம் ஏறுமா, பாலிசியே நிறுத்தப்படுமா என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவில் நல்ல மதிப்பெண் எடுக்கும் மாணவருக்குத் தள்ளுபடி பரவலாக உண்டு, நீங்களாகக் கேட்டுச் சான்று கொடுத்தால்தான் கிடைக்கும்.

எக்சஸ் தொகையை, அதாவது கிளெய்மில் முதலில் நம் கையிலிருந்து போகும் பங்கை, உயர்த்தினாலும் பிரீமியம் குறையும். இதில் கவனம் தேவை. ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் இளம் ஓட்டுநர் என்பதற்காகவே ஒரு கூடுதல் எக்சஸ் போடுவார்கள். நீங்களாக உயர்த்தியதோடு அதுவும் சேரும். இரண்டையும் கூட்டி, நாளைக்கே அந்தத் தொகையைக் கொடுக்க முடியுமா என்று பார்த்து முடிவெடுங்கள்.

எதை வேண்டுமானாலும் குறையுங்கள், மற்றவருக்கு நேரும் காயத்துக்கு நிறுவனம் கொடுக்கும் தொகையின் வரம்பை மட்டும் குறைக்காதீர்கள். வரம்பு வைத்து விற்கும் நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் மிகக் குறைவாக இருக்கும். கலிபோர்னியாவில் 2024 முடியும்வரை ஒருவருடைய காயத்துக்கு 15,000 டாலர்தான், 2025-லிருந்து 30,000 டாலர். ஒருவர் ஆஸ்பத்திரியில் சில நாள் படுத்தாலே அது கரைந்துவிடும். மிச்சத்துக்கு உங்கள் சேமிப்பையும் வீட்டையும் நோக்கி வழக்கு வரும். பழைய காரின் சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பை விட்டுவிட்டுக்கூட இந்த வரம்பை உயர்த்தலாம் என்பது என் கருத்து.

கேள்வி: மகனுக்கு 15 வயது. ஆளில்லாத மைதானத்தில், நான் பக்கத்தில் இருந்து ஓட்டக் கற்றுக்கொடுக்கலாமா? இந்தியாவில் இருக்கிறோம்.

பதில்: வேண்டாம். பொதுமக்கள் வந்துபோகும் இடம் எதுவும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான், மைதானம் என்பதால் தப்பிவிட முடியாது. இந்தியாவில் கார் பழகுவதற்கான வயது 18. சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. இந்த இடத்தில் எந்த பாலிசியும் உங்களைக் காப்பாற்றாது. மூன்று ஆண்டு பொறுத்திருங்கள்.

கேள்வி: மகளுக்கு அடுத்த வாரம் தேர்வு. தேறிவிட்டால் பாலிசியில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பதில்: ஆம், அன்றைக்கே. பழகுநர் பாலிசிகள் பலவற்றில் தேர்வில் தேறிய நொடியில் பாதுகாப்பு முடிந்துவிடும், ஏனென்றால் அவர் இப்போது பழகுநர் இல்லை. தேர்வு மையத்திலிருந்து மகிழ்ச்சியோடு வீட்டுக்கு ஓட்டி வரும் பயணமே இன்சூரன்ஸ் இல்லாத பயணமாகிவிடும். பிரிட்டனில் அதற்கு 6 அபராதப் புள்ளிகள். புது ஓட்டுநர் முதல் 2 ஆண்டுக்குள் 6 புள்ளியை எட்டினால் உரிமமே பறிபோகும்.

உங்கள் பாலிசியில் பெயர் சேர்த்திருந்தாலும் நிறுவனத்துக்குத் தகவல் போக வேண்டும். தேறிய பிறகு பிரீமியம் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும், ஏனென்றால் இனி பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். எவ்வளவு ஏறும் என்று தேர்வுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்திலேயே இரண்டு மூன்று நிறுவனங்களில் முழு உரிமத்துக்கான விலையை வாங்கி ஒப்பிடுங்கள். தேர்வு நாளில் திரும்பி வரும்போது நீங்களே ஓட்டி வாருங்கள்.