எஸ்பிரெஸ்ஸோ மார்ட்டினி கேக்குறாங்களா? டிகாஷன் இறக்கு தம்பி

தம்பி, காட்பாடில இருந்து இங்கிலாந்துல கவன்ட்ரிக்கு வந்து நாலு மாசம் ஆச்சு, வர்ற சனிக்கிழமை டீம்ல அஞ்சு பேரு வீட்டுக்கு சாப்புட வர்றாங்க, வோட்காவும் காபியும் குலுக்குற எஸ்பிரெஸ்ஸோ மார்ட்டினி காக்டெயில் பண்ணுவியான்னு கேக்குறாங்க, எனக்கு ஒரு பீருக்கே தலை சுத்தும், அதுக்குன்னு ஜூஸ் கிளாஸ புடிச்சுகினு நிக்கவும் கூச்சமா கீது, இன்னாண்ணா பண்றதுன்னு கேட்டிருந்த. நான் குடியாத்தம். பர்மிங்காம்ல 14 வருஷமா கீறேன். நீ என்கிட்ட கேட்ட, எனக்கு அப்போ கேக்க ஆள் இல்ல, அதனால நான் பண்ண கூத்த மொதல்ல சொல்லிட்றேன்.

வந்த மொத வருஷம் இதே மாதிரி ஆளுங்கள கூப்ட்டேன். வோட்கா ஒன்னு, காபி லிக்கர்ன்ற இனிப்பு சரக்கு ஒன்னு வாங்கினு வந்து, அளக்குற கிளாஸ்லாம் கிடையாது, பந்தில மோர் ஊத்துற மாதிரி கைக்கு வந்தத ஊத்தி குலுக்கி குலுக்கி குடுத்தேன். இனிப்பு, காபி வாசனை, ஜில்லுனு, யாருக்கும் ஏறுறதே தெரியல. ஒருத்தர் மூணு குடிச்சிட்டு சோஃபால சாஞ்சவரு மறுநாள் பத்து மணிக்குதான் எழுந்தாரு. நானோ ரெண்டு குடிச்சிட்டு மப்பும் இருக்கு தூக்கமும் வரல, விடியகாலைல நாலு மணி வரைக்கும் சீலிங்க பாத்துகினு படுத்திருந்தேன். காபி போதைய எறக்காது தம்பி, தூக்கத்த மட்டும் மறைச்சு வைக்கும், குடிச்சவன் நான் ஸ்டெடியாதான் கீறேன்னு நெனச்சுகினு இன்னொன்னு கேப்பான். எனக்கு இது அன்னிக்குதான் புரிஞ்சுது.

இங்க பாட்டில்ல யூனிட்னு போட்டிருப்பான் பாரு, ஒரு யூனிட்டுன்னா சுத்த ஆல்கஹால் 10 மில்லி. வாரத்துக்கு 14க்கு மேல போகாதீங்கன்றது இங்க அரசாங்கத்தோட கணக்கு. எஸ்பிரெஸ்ஸோ மார்ட்டினில 40 சதவீதம் வோட்கா 50 மில்லி, அதுவே 2 யூனிட், அதுமேல காபி லிக்கர் வேற, ஆக ஒரு சின்ன கிளாஸ்ல ரெண்டரை பக்கம் வந்துடுது. 1980கள்ல லண்டன் சோஹோல டிக் பிராட்செல்னு ஒரு பார்மேன் கண்டுபுடிச்ச சரக்கு அது, அந்தாளு கைல நல்லாதான் இருந்திருக்கும், நம்ம வீட்டு கிச்சன்ல அது வேணாம்.

நான் இப்போ வோட்காவுக்கு பதிலா டிகாஷனோட குலுக்குறது ஷெர்ரி. ஸ்பெயின்ல ஹெரெஸ்னு ஒரு ஊரு, அத சுத்தி பண்ற ஒயினுக்கு மட்டும்தான் அந்த பேரு. ஒயின்லயே கொஞ்சம் ஸ்பிரிட் சேத்து 15லருந்து 20 சதவீதம் வரைக்கும் ஏத்தி, மர பீப்பால வருஷக்கணக்கா வச்சிருப்பாங்க. அதுல பெத்ரோ ஹிமெனெஸ்னு (Pedro Ximénez) ஒன்னு கீது, சுருக்கமா பி எக்ஸ்னு சொல்லுவாங்க, திராட்சைய பறிச்சு வெயில்ல பாய் மேல பரப்பி சுருங்க காயவச்சு அப்புறம் புழிவாங்க. பாட்டி மொட்டமாடில வடாம் காயவச்சுட்டு காக்கா ஓட்டச் சொல்லி நம்மள உக்கார வைக்கும்ல, அதே வேலைதான். வேலூர் வெயிலுக்கு வந்திருந்தா ரெண்டே நாள்ல முடிச்சிருப்பாங்க. கருப்பா, பாகு மாதிரி கெட்டியா ஊத்தும், ஒரு லிட்டர்ல சக்கரை மட்டுமே 400 கிராம் கிட்ட இருக்கும். நான் மொத தடவ மூடிய தெறந்து மோந்தப்போ பாயாசத்துக்கு நெய்ல திராட்சை வறுப்பாங்களே, கல்யாண வீட்டு சமையக்கட்டு வாசனை, சத்தியமா அதேதான்.

கடைல போய் வெறும் ஷெர்ரின்னு எடுத்துடாத. ஃபினோ, டிரைன்னு எழுதியிருந்தா இனிப்பே இருக்காது, நான் அந்த தப்பையும் பண்ணியாச்சு. பி எக்ஸ் கெடச்சா அது, அரை பாட்டில் சைஸ் இருக்கும், அதுவே போதும். கெடைக்கலன்னா கிரீம் ஷெர்ரி, ஹார்வீஸ் பிரிஸ்டல் கிரீம் நீல பாட்டில்ல பெரிய கடைங்கள்லாம் வச்சிருப்பாங்க, 17.5 சதவீதம். பேர்தான் கிரீம், உள்ள பாலும் கெடையாது கிரீமும் கெடையாது. பாஸ்போர்ட் எடுத்துனு போ, 25க்கு கீழ தெரியற மூஞ்சின்னா ஐடி கேப்பாங்க, உன் போட்டோவ பாத்தா ஸ்கூல் பையன் மாதிரி கீற.

இப்போ டிகாஷன். எஸ்பிரெஸ்ஸோ மெஷின்லாம் வாங்காத, ஃபில்டர் போதும். ஆனா நம்ம சின்ன ஃபில்டர்ல ஒரு தடவைக்கு 150 மில்லி வந்தா பெருசு, ஆறு பேருக்கு ஒரு ரவுண்டுக்கே 360 மில்லி வேணும், அதனால காலைலயே ஆரம்பிச்சு மூணு தடவ கெட்டியா இறக்கி ஃபிரிட்ஜ்ல வச்சிடு. சூடா ஊத்துனா ஐஸ் மொத்தமும் கரைஞ்சு கழனித்தண்ணி ஆயிடும். ராத்திரி ஒம்போது மணிக்கு மேலதான் குடுப்பேன்னா டிகாஃப் பவுடர் போடு, ஃபில்டருக்கு வித்தியாசம் தெரியாது, வர்றவங்களுக்கும் தெரியாது.

ஒரு ஆளுக்கு டிகாஷன் 60 மில்லி, ஷெர்ரி 50 மில்லி, உப்பு ரெண்டே ரெண்டு கல்லு, சிக்கரி கசப்ப அது அடக்கிடும். பி எக்ஸ்னா சக்கரை தொடவே தொடாத, 40 மில்லிக்கே திகட்ட ஆரம்பிச்சிடும், பாத்து ஊத்து. கிரீம் ஷெர்ரின்னா கால் ஸ்பூன் வெல்லப்பாகு ஊத்தலாம், எனக்கு அதுதான் புடிக்கும். ஷேக்கர் இல்லன்னா மூடி இறுக்கமா இருக்குற ஜாம் பாட்டில்ல முக்காவாசி ஐஸ் போட்டு, கை மரத்துப் போற வரைக்கும், ஒரு 20 செகண்டு, கோவத்தோட குலுக்கு. டீ வடிகட்டில வடிச்சு சின்ன கிளாஸ்ல ஊத்து. ஐஸ் தண்ணியோட சேந்து 150 மில்லி கிட்ட வரும், அதுல ஆல்கஹால் ஒம்போது மில்லி கிட்டதான், ஒரு யூனிட் கூட முழுசா இல்ல. அதாவது பீர் அளவுக்குதான் ஸ்ட்ராங்கு, அதுவும் ஒரு சின்ன டம்ளர் பீரு.

நுரைதான் கொஞ்சம் படுத்தும். மெஷின் காபில வர்ற அந்த பிரவுன் நுரை நம்ம டிகாஷன்ல வராது. அதுக்கு கொண்டக்கடலை டின் தண்ணி ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு போடாத டின்னா பாத்து வாங்கு, அதையும் ஊத்தி மொதல்ல ஐஸ் இல்லாம ஒரு குலுக்கு, அப்புறம் ஐஸ் போட்டு குலுக்கு, வெள்ளையா தலப்பா கட்டுன மாதிரி நிக்கும். சுண்டல் வாசனை வருமோன்னு பயந்துகினேதான் நானும் செஞ்சேன், வரல. மேல ஆரஞ்சு தோல ஒரு துண்டு கிள்ளி கிளாஸ் மேல மடிச்சு புழி, அந்த எண்ணெ தெறிச்சாலே போதும். பால் மட்டும் ஊத்தாத. நம்ம ஊரு காபி மாதிரி பண்றேன்னு ஒரு தடவ ஊத்துனேன், தயிர் கடைஞ்ச மாதிரி திரிஞ்சு மிதந்துச்சு.

சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்காத, இது இனிப்பு. சீரக சம்பா பிரியாணி பண்றேன், கத்திரிக்கா பண்றேன்னு சொன்னியே, அதெல்லாம் முடிச்சு கை கழுவுனதுக்கு அப்புறம் ஸ்வீட்டுக்கு பதிலா குடு. யாராச்சும் காபி வேணாம்னா வெனிலா ஐஸ்கிரீம் மேல பி எக்ஸ ரெண்டு ஸ்பூன் ஊத்தி குடுத்துடு, ஸ்பெயின்காரங்களே அப்டி சாப்புடுவாங்க. உன் ரூம்மேட் வாணியம்பாடி பையன், தொடமாட்டான்னு எழுதியிருந்த. அவனுக்கு மொதல்லயே, குலுக்குற ஜாம் பாட்டில்ல ஷெர்ரி படறதுக்கு முன்னாடியே, டிகாஷன்ல பேரீச்சம்பழ சிரப் ரெண்டு ஸ்பூன் போட்டு அதே மாதிரி குலுக்கி அதே மாதிரி கிளாஸ்ல குடு. பாக்க ஒரே மாதிரி இருக்கும், எவனும் ஏன் குடிக்கலன்னு கேக்க மாட்டான். உனக்கும் அன்னிக்கு வேணாம்னு தோணுச்சுன்னா நீயும் அதையே ஊத்திக்க, யாருக்கு தெரியப் போகுது. இங்க வேணாம்னு ஒரு தடவ சொன்னா பெரும்பாலும் விட்டுடுவாங்க, நம்ம ஊரு மச்சானுங்க மாதிரி என் மேல சத்தியம்னு வாய்ல ஊத்த மாட்டாங்க, ஆனா மொத நாலு மாசத்துல அத சொல்றதுக்கு வாய் வராது, எனக்கும் வரல.

ஒரு கிளாஸ்தானேன்னு யாரையும் கார் எடுக்க விடாத, யார் உடம்புக்கு எவ்ளோ ஏறும்னு உனக்கு தெரியாது. மிச்சம் இருக்குற பாட்டில மூடி ஃபிரிட்ஜ்ல வச்சா ஒரு மாசம் தாங்கும்.

ஃபில்டர் கொண்டாரலன்னா சொல்லு, எங்கம்மா ஒவ்வொரு தடவையும் மறந்துட்டு இன்னொன்னு வச்சு அனுப்பி எங்கிட்ட மூணு கீது. பவுடரும் பெரிய பாக்கெட் இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ட்ரெயின் ஏறி வந்து வாங்கினு போ, அரை மணி நேரம் கூட ஆகாது.