திறக்காத கார்க் கதவு: பூட்டை மாற்றக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் நெய்யாற்றின்கரையில் பழைய கார் விற்பவர் ஒருவரிடம் 2014-ஆம் ஆண்டு மாடல் சிறிய கார் ஒன்றை வாங்கினேன். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிய இரண்டாவது வாரத்தில் இடப்பக்கப் பின்கதவு மூடியபடியே நின்றுவிட்டது. வெளிக் கைப்பிடியை இழுத்தாலும் திறக்கவில்லை, உள்ளேயிருந்து இழுத்தாலும் திறக்கவில்லை. எழுபத்தைந்து வயதான என் அம்மா வலப்பக்கக் கதவில் ஏறி, இருக்கையில் நகர்ந்து நகர்ந்து உட்காருகிறார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பூட்டை முழுதாக மாற்ற 7,500 ரூபாய் கேட்கிறார்கள். இன்னொருவர், கதவுத் தகட்டை வெட்டித்தான் திறக்க முடியும், பிறகு டிங்கரிங்கும் பெயின்டும் செய்ய வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? - மார்த்தாண்டம் வாசகர்

பதில்: தகட்டை வெட்டும் யோசனையை முதலிலேயே தள்ளிவிடுங்கள். கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பலகையை, அதாவது பேடைக் கழற்றினால் பூட்டுக்குக் கை எட்டும் என்பதால், வெளித்தகட்டில் கை வைக்க எந்த அவசியமும் இல்லை. பூட்டை மாற்றச் சொல்பவர் கூறுவது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கதவைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே பூட்டுதான் கெட்டது என்று விலை சொல்வது, நாடி பார்க்காமல் மருந்து எழுதுவதைப் போன்றது.

கதவுக்குள் நடப்பது சிக்கலான காரியம் அல்ல. காரின் தூணில் லாட வடிவில் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. கதவின் விளிம்பில் உள்ள பூட்டில் இருக்கும் கவ்வி, கதவை மூடும்போது திரும்பி அந்த வளையத்தைப் பிடித்துக்கொள்கிறது. கவ்வி மீண்டும் திரும்பிவிடாதபடி ஒரு சிறு நாக்கு அதைத் தடுத்து நிற்கிறது. இரண்டு கைப்பிடிகளும் செய்ய வேண்டியது, ஒரு ராடு வழியாகவோ கேபிள் வழியாகவோ அந்த நாக்கை விலக்குவது மட்டுமே. வெளியே இழுத்தால் திறந்து, உள்ளே இழுத்தால் திறக்காத பின்கதவாக இருந்தால், பத்து பைசா செலவில்லாமல் முதலில் பார்க்க வேண்டியது, குழந்தைகள் உள்ளிருந்து திறந்துவிடாமல் தடுக்கும் சைல்ட் லாக்கைத்தான். அது விலகியிருந்தும் திறக்கவில்லை என்றால் உள் கேபிள் கழன்றிருக்கும். உள்ளே திறந்து வெளியே திறக்கவில்லை என்றால், வெளிக் கைப்பிடியின் ராடைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு நிலையிலும் பூட்டை மாற்றச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம்.

உங்கள் கதவு இரண்டு பக்கமும் திறக்கவில்லை. அப்படியானால் சென்ட்ரல் லாக் இந்தக் கதவில் விடுபடவில்லை, அல்லது கவ்வியும் நாக்கும் துருவிலும் அழுக்கிலும் இறுகிவிட்டன. இதை நீங்களே வீட்டு வாசலில் பிரித்தறியலாம். ஓட்டுநர் பக்கத்து சென்ட்ரல் லாக் பொத்தானை ஒருவர் அழுத்தட்டும். நீங்கள் திறக்காத கதவில் காதை வைத்துக் கேளுங்கள். மற்ற மூன்று கதவுகளிலும் ‘டக்’ என்று கேட்டு, இதில் மட்டும் சத்தமே இல்லாவிட்டால், அல்லது இழுபடுவதைப் போல ‘கிர்’ என்று மட்டும் கேட்டால், சென்ட்ரல் லாக்கை இயக்கும் லாக் மோட்டாரின் பக்கம் சந்தேகப்படலாம். நான்கு கதவிலும் மந்தமாகவே கேட்டால் பேட்டரியைச் சோதித்த பிறகு மற்றதைப் பாருங்கள். பூட்டுக் குமிழைக் கையால் தூக்க முடிந்து, அது முழுதாக மேலே வந்தும் கைப்பிடி வேலை செய்யவில்லை என்றால், இறுகியது கவ்விதான் என்று பெரும்பாலும் கொள்ளலாம். (மின்சாரம் போனாலும் கையால் கதவைத் திறக்க வழி இருக்க வேண்டும் என்ற விதி 2019 ஜூலை 1 முதல்தான் கார்களுக்குக் கட்டாயமானது, உங்கள் கார் அதற்கு முந்தியது.)

திறப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பின்னிருக்கையில் உட்கார்ந்து உள் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளட்டும். வெளியே நிற்பவர் கைப்பிடியை இழுத்தபடியே, கதவை வெளியே இழுக்காமல், இடுப்பால் உள்ளே நன்றாக அழுத்த வேண்டும். பலரும் செய்யும் தவறு கதவைப் பலம்கொண்டு வெளியே இழுப்பது. இழுக்க இழுக்க வளையம் கவ்வியின்மீது இறுகி, நாக்கு நகர இடமில்லாமல் போகிறது. உள்ளே அழுத்தினால் அந்த இறுக்கம் தளரும். குமிழ் மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பத்துப் பதினைந்து முறை இதைச் செய்யலாம். அசையவில்லை என்றால், மெல்லிய குழாய் உள்ள துரு நீக்கும் ஸ்பிரேயை, கதவுக்கும் தூணுக்கும் இடையே ரப்பர் பீடிங்கைச் சற்று விலக்கி, பூட்டின் உயரத்தில் அடித்துக் கால்மணி நேரம் விட்டு மீண்டும் முயலுங்கள். வெளிக் கைப்பிடி பிளாஸ்டிக் என்பதையும் மறக்க வேண்டாம். கோபத்தில் இழுத்து அது கையோடு வந்தால் செலவு இரண்டாகிவிடும்.

இதிலும் திறக்காவிட்டால் ஒர்க்‌ஷாப்பில்தான் திறக்க வேண்டும். பூட்டைப் பிடித்திருக்கும் திருகுகள், பெரும்பாலும் மூன்று, கதவின் விளிம்பில் இருக்கின்றன. கதவு மூடியிருக்கும்போது அவற்றைத் தொடவே முடியாது. ஆகவே மெக்கானிக் பின்னிருக்கையின் மெத்தையை எடுத்துவிட்டு, கதவுப் பேடைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, ராடையோ நெம்புகோலையோ தள்ளித் திறப்பார். மூடிய கதவில் பேடைக் கழற்றும்போது கிளிப்புகள் சில உடையும், சில நேரம் பேடே விரியும். இதற்கு யார் பொறுப்பு என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால் அது உங்கள் தலையில்தான் விழும். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போட்டுவிடாமல் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். அது இல்லாத கதவில், கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் பேடை நனைத்து உள்ளே வந்து, ஒரே பருவத்தில் கால்விரிப்பு ஊறிப்போகும்.

கதவு திறந்ததும் மகிழ்ச்சியில் உடனே அடித்து மூடிவிடாதீர்கள். திறந்த நிலையிலேயே, விளிம்பிலுள்ள கவ்வியை ஒரு திருப்புளியின் முனையால் மூடும் திசையில் தள்ளுங்கள்; இரண்டு முறை ‘கிளிக்’ என்று விழும். இப்போது கைப்பிடியை இழுத்தால் கவ்வி துள்ளித் திரும்ப வேண்டும். உள் கைப்பிடியிலும் வெளிக் கைப்பிடியிலும் இருபது முறை இப்படிச் செய்து, ஒரு முறைகூடத் தயங்கவில்லை என்றால் பூட்டு நல்ல பூட்டுதான். சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் போதும். தயங்கித் தயங்கித் திரும்பினால், 7,500 ரூபாய் கேட்டவரிடம் அப்போது பேசலாம்.

கிரீஸ் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாக்கோல் (சாவி) திரும்பவில்லை என்றாலும், கதவு கிறீச்சிட்டாலும், இங்கே முதலில் வருவது தேங்காயெண்ணெய்க் குப்பிதான். வீட்டுக் கதவுக்கு அது சரியாக இருக்கலாம். கார்ப் பூட்டுக்குள் அது தூசியைச் சேர்த்துப் பிசினாகும். சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையும் பொருள் என்பதால், மழைநாள் விடியற்காலையில் அதுவே கவ்வியை மந்தமாக்கும். டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேக்கள் ஈரத்தை வெளியேற்றி இறுக்கத்தைத் தளர்த்துவதற்கு நல்லவை. ஆனால் அவை விரைவில் காய்ந்துவிடும். எனவே ஸ்பிரேயால் கழுவித் துடைத்த பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் வைப்பதுதான் முறை. கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு வடிகால் துளைகளையும் ஓர் ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். செம்மண் அடைத்து அங்கே நீர் தேங்கினால், எந்தப் புதுப் பூட்டும் நீண்ட நாள் நிலைக்காது.

பூட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், இடது பின்கதவுப் பூட்டு வலது பின்கதவுக்குப் பொருந்தாது என்பதை நினைவில் வைத்து, 17 எழுத்து-எண் கொண்ட சேசிஸ் எண்ணைக் காட்டி வாங்குங்கள். கம்பெனி உதிரிபாகம் என்றால் சீல் உடையாத பையில் பாக எண்ணும் அதிகபட்ச விலையும் அச்சாகியிருக்கும். அந்த விலையும் வேலைக் கூலியும் பில்லில் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். சில கார்களுக்கு லாக் மோட்டார் தனியாகக் கிடைக்கிறது, சிலவற்றுக்குப் பூட்டோடு சேர்த்தே வருகிறது. மோட்டார் மட்டும் கிடைக்குமா என்று கேட்பதில் நட்டமில்லை. கழற்றிய பழைய பூட்டைக் கேட்டு வாங்கி டிக்கியில் போடுங்கள். விற்றவரோடு வழக்கு என்று வந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

வழக்கு வருமா என்பது, பேடைக் கழற்றும்போது உள்ளே என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே உயரத்தில் சேற்றுக் கோடு, பூட்டு முழுவதும் செம்புழுதி, இருக்கைத் தண்டவாளத்தில் துரு, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடிப்பகுதியில் கறை ஆகியவை தென்பட்டால், அந்தக் கார் வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்கு முந்திய கேரளப் பதிவு கார்களில் இதைப் பார்க்காமல் வாங்குவது துணிச்சல். துடைப்பதற்கு முன் புகைப்படம் எடுங்கள். கதவு மட்டும் துருப்பிடித்திருந்தால், பதினோரு மழைக்காலம் கண்ட காரில் அதை ஏமாற்று என்று நிலைநாட்டுவது எளிதல்ல. அந்தச் செலவை ஏற்றுக்கொள்வதே நேர்மை.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சாலைகளில் இடப்பக்கம்தான் நடைபாதைப் பக்கம். இடக்கதவு திறக்காததால் அவர் இப்போது வண்டிகள் உரசிச் செல்லும் பக்கமாக இறங்குகிறார். பழுது தீரும்வரை அவரை முன்னிருக்கையில் உட்கார வையுங்கள்.

கேள்வி: பாறசாலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கதவுப் பூட்டை மாற்றினேன். மூன்று வாரத்தில் கதவு மறுபடியும் திறக்காமல் போனது. மீண்டும் கூலி கேட்கிறார் அந்தச் சேட்டன். கடை கேரளத்தில், நான் தமிழ்நாட்டில். புகார் கொடுக்கத் திருவனந்தபுரம் போக வேண்டுமா? - களியக்காவிளை வாசகர்

பதில்: வேண்டாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயோ வேலை பார்க்கும் இடத்திலேயோ வழக்குத் தொடர வழி செய்திருக்கிறது. எல்லையில் வாழும் நமக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே நீங்கள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

ஆனால் ஆணையம் வரை போகும் அளவுக்கு உங்கள் கையில் பில் இருக்கிறதா? எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் ‘டோர் லாக் - 1’ என்று மட்டும் இருந்தால், பணம் அனுப்பிய யுபிஐ விவரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் இப்போதே பாதுகாத்து வையுங்கள். அதன் பிறகு, எந்தத் தேதியில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எப்போது மீண்டும் பழுதானது, இலவசமாகச் சரிசெய்து தர எத்தனை நாள் தருகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம்; தமிழும் மலையாளமும் அங்கே உண்டு.

நியாயம் கருதி இன்னொன்றும் சொல்கிறேன். மீண்டும் நின்றது புதுப் பூட்டுதானா, அல்லது ராடின் கிளிப்பா என்று முதலில் வேறொரு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லி, அவர் கண்டதை எழுதி வாங்குங்கள். கிளிப் சரியாக மாட்டப்படாமல் கழன்றிருந்தால் அது வேலையின் குறை. மீண்டும் கூலி கேட்க அந்தச் சேட்டனுக்கு உரிமையில்லை. பூட்டு நன்றாக இருந்து, பழைய கேபிள் இப்போது அறுந்திருந்தால் கேபிளின் விலையைக் கொடுத்துவிடுவதே முறை.

கேள்வி: ஆட்டோ உரசியதில் என் காரின் முன்கதவு நசுங்கித் திறக்கவில்லை. இன்சூரன்சில் கேட்கலாமா? - குளச்சல் வாசகர்

பதில்: முழுமையான பாலிசி என்றால் கேட்கலாம். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால் உங்கள் நிறுவனத்திடம் கேட்க முடியாது. உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிய பூட்டுக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது. மோதலால் வந்த சேதத்துக்கு மட்டுமே தரும். ஆகவே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சர்வேயர் பார்ப்பதற்கு முன் கதவைத் திறக்க முயன்று அடையாளத்தைக் கலைக்காதீர்கள். தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் வசதி பாலிசியில் இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். இவை போக வரும் தொகையை, அடுத்த ஆண்டு இழக்கப்போகும் நோ கிளெய்ம் போனசோடு (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் போனஸ் ஏற்கனவே 50 சதவீதத்தை எட்டியிருந்தால், சிறிய நசுங்கலுக்குக் கைக்காசைச் செலவழிப்பதே லாபமாக இருக்கும்.