அந்தப் புளிப்பு உங்களுக்குப் புதிதல்ல

கேள்வி: நான் ஜெர்மனியில், லுட்விக்ஸ்ஹாஃபனில் வேலை பார்க்கிறேன். பாட் டுர்க்ஹைம் ஊரில் செப்டம்பரில் நடக்கும் வுர்ஸ்ட்மார்க்ட் ஒயின் திருவிழாவுக்கு அலுவலகத்தில் எல்லாரும் கிளம்புகிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். இதுவரை இரண்டே முறைதான் ஒயின் குடித்திருக்கிறேன். இரண்டு முறையும் ஒரே புளிப்பு, முகம் சுளித்துவிட்டது. அங்கே அரை லிட்டர் கிளாஸில்தான் ஊற்றுவார்களாமே? எதைக் கேட்பது, எவ்வளவு குடிப்பது, எப்படிச் சுவைப்பது? நான் சைவம். கணவர் மது தொடுவதில்லை, ஆனால் கூட வருவார்.

பதில்: புளிப்பிலிருந்தே தொடங்குவோம். ரசத்துக்குப் புளி கரைக்கிறீர்களே, அந்தப் புளிப்பைத் தருவது டார்டாரிக் அமிலம். திராட்சையின் முக்கிய அமிலமும் அதேதான். பழ வகைகளில் இந்த அமிலம் இவ்வளவு தூக்கலாக இருப்பவை மிகக் குறைவு. அந்தச் சிலவற்றில் புளியும் திராட்சையும் சேர்த்தி. ஆகவே உங்கள் நாக்குக்கு அது பழகிய புளிப்புதான். வெறும் புளிக்கரைசலைக் குடித்தால் யாருக்கும் முகம் சுளிக்கத்தான் செய்யும். உப்பும் மிளகும் பருப்புத் தண்ணீரும் சேர்ந்த பிறகுதானே அது ரசம்? ஒயினில் அந்த வேலையைச் செய்வது பழத்தின் மணமும், கொஞ்சம் மிஞ்சிய சர்க்கரையும், கூடவே சாப்பிடும் உணவும். நீங்கள் குடித்த இரண்டும் அநேகமாகச் சர்க்கரையே இல்லாத வெள்ளை ஒயினாக இருந்திருக்கும். வெறும் வயிற்றில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரிலேயே குடித்திருப்பீர்கள். குளிர் மணத்தை அமுக்கிவிடும், புளிப்பை விட்டுவைக்கும்.

நீங்கள் போகும் பகுதி பிஃபால்ட்ஸ். அங்கே ராஜா ரீஸ்லிங் திராட்சைதான். அதற்குப் புளிப்பு அதிகம், அதுதான் அதன் முதுகெலும்பும். டார்டாரிக் அமிலத்தோடு பச்சை ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலமும் சேர்ந்து வரும். புளிப்பு இல்லாத ரீஸ்லிங்கை யாராவது தந்தால் நான் வாங்க மாட்டேன்.

கடையில் நிற்கும்போது உங்களைக் காப்பாற்றப்போவது மூன்று சொற்கள். 'ட்ரோக்கன்' என்றால் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. லிட்டருக்கு 4 கிராம் வரை, புளிப்பு ஈடுகொடுக்கும் அளவுக்கு இருந்தால் 9 கிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது. 'ஹால்ப்ட்ரோக்கன்' அடுத்த படி: 12 கிராம் வரை, புளிப்பு தாங்கினால் 18 வரை. 'லீப்லிஷ்' 45 கிராம் வரை போகும், நாக்கில் இனிப்பு நன்றாகவே தெரியும். பட்டியலில் 'ஃபைன்ஹெர்ப்' என்றும் ஒன்று இருக்கும். அதற்குச் சட்டத்தில் வரையறை கிடையாது; பெரும்பாலும் ஹால்ப்ட்ரோக்கனை ஒட்டியோ அதைவிடச் சற்று இனிப்பாகவோ இருக்கும். சட்டமே சர்க்கரையைப் புளிப்போடு சேர்த்துத்தான் அளக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? நாக்கும் அப்படித்தான் அளக்கிறது.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கபினெட், ஷ்பேட்லேஸே, ஔஸ்லேஸே என்ற பெயர்களைப் பார்த்து, வரிசையாக இனிப்பு கூடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவை சொல்வது பறிக்கும்போது பழம் எவ்வளவு கனிந்திருந்தது என்பதை. அந்தச் சர்க்கரை முழுவதையும் நொதித்து ஆல்கஹாலாக்கிவிட்டால் ஷ்பேட்லேஸேயும் ட்ரோக்கனாகிவிடும். ஆகவே இரண்டு சொல்லையும் சேர்த்தே படியுங்கள்.

இனி இடத்தைப் பற்றி. பெயரில் 'வுர்ஸ்ட்', அதாவது சாசேஜ், இருந்தாலும் உலகிலேயே பெரிய ஒயின் திருவிழா என்று இதைத்தான் சொல்கிறார்கள். இதன் வேர் 1417-க்குப் போகிறது. ஊருக்கு மேலே மிஷேல்ஸ்பெர்க் குன்றில் இருந்த புனித மிக்கேல் சிற்றாலயத்துக்கு யாத்திரிகர்கள் வருவார்கள். சுற்றுப்பட்டு விவசாயிகள் தள்ளுவண்டியில் ஒயினும் ரொட்டியும் சாசேஜும் கொண்டுவந்து விற்பார்கள். வுர்ஸ்ட்மார்க்ட் என்ற பெயர் 1832-இல் வந்தது. அந்தத் தள்ளுவண்டியின் நினைவுதான் இன்றும் நிற்கும் 36 'ஷூப்கெர்ஷ்லர்' கொட்டகைகள்: குறுகலான மேசை, முட்டியோடு முட்டி இடிக்கும் பெஞ்சு, அரை லிட்டர் கிளாஸ். அந்தக் குன்றின் சரிவில் இப்போதும் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. விழாவில் ஊற்றுவது இந்த ஊர்த் தோட்டங்களின் ஒயின் மட்டுமே. கிளாஸில் இருப்பதன் செடி நடந்து போகும் தூரத்தில் நிற்கிறது. நான் எத்தனையோ ஒயின் விழாக்கள் பார்த்திருந்தாலும் இங்கேயே திரும்பத் திரும்ப வருவதற்கு அதுதான் காரணம்.

அரை லிட்டருக்கு அங்கே 'ஷொப்பன்' என்று பெயர். கிளாஸுக்குப் பெயர் 'டுப்பேகிளாஸ்'. சுற்றிலும் கட்டைவிரல் பதியும் குழிகள், அவைதான் 'டுப்பே'. சாசேஜ் தின்ற எண்ணெய்க் கையிலிருந்து கிளாஸ் வழுக்காமல் இருக்க, கசாப்புக்காரர்கள் கண்டுபிடித்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: அந்தக் கிளாஸ் ஒருவருக்கானது அல்ல, மேசைக்கானது. நான் முதல்முறை போனபோது எதிரில் இருந்த பாட்டி, ததும்பும் கிளாஸை இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தி, ஒரு விரலைக் காட்டி, "ஒரு மடக்கு, அப்புறம் பக்கத்தில்" என்றார். நான் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அறிமுகமே இல்லாத பக்கத்து ஆளிடம் தள்ளினேன். எட்டுப் பேரைச் சுற்றி அது பாட்டியிடம் திரும்பியபோது அடியில் இரண்டு விரல் உயரமே மிச்சம். அடுத்த கிளாஸை வேறொருவர் வாங்கினார். அன்று பிற்பகல் முழுக்க நான் குடித்தது ஒரு ஷொப்பன்கூட இருக்காது. எச்சில் பார்ப்பவராக இருந்தால் சங்கடப்படாமல் தலையசைத்து மறுத்துவிடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அரை லிட்டரைத் தனியாகக் குடிப்பதைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். 12 சதவீத ஒயின் அரை லிட்டரில் ஏறக்குறைய 47 கிராம் ஆல்கஹால். அதே அளவு சாதாரண பீரில் 20 கிராம்தான். பக்கத்தில் ஒருவர் பீர் குடிக்கும் வேகத்தில் நீங்கள் ஷொப்பனைக் குடித்தால் இரண்டு மடங்குக்கும் மேல். 'ஷோர்லே' என்று சோடாத்தண்ணீர் கலந்து குடிப்பதும் உண்டு, வெயிலுக்கு அருமையாக இருக்கும். ஆனால் பிஃபால்ட்ஸ்காரர்கள் கலக்கும்போது ஒயின் பக்கம் கை தாராளம். அதை வெறும் கூல்டிரிங்க் என்று நம்பிவிடாதீர்கள்.

சுவைத்துப் பழக வேண்டுமென்றால் கொட்டகைப் பக்கம் போகுமுன் அதே திடலில் இருக்கும் 'வைன்டோர்ஃப்' பகுதிக்குப் போங்கள். பெயருக்கு ஒயின் கிராமம் என்று பொருள். தண்டுவைத்த சின்னக் கிளாஸில், தோட்டம் வாரியாக ஒயின் கிடைக்கும் இடம் அது. பட்டியலில் 0,1 என்று தேடுங்கள். ஜெர்மனியில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள், 100 மில்லி என்று பொருள். கிளாஸில் மெல்லிய அளவுக்கோடு இருக்கும். ஒயின் அந்தக் கோடு வரை வந்திருந்தால் அளவு சரி. மேலே காலியாக விடுவது மணம் சேர்வதற்கு. தோழி ஒருவரோடு ஜோடி சேர்ந்து, ஒரு கிளாஸை இரண்டு பேராக ஐந்து வகை சுவைத்துப் பாருங்கள். ஆளுக்குக் கால் லிட்டர்தான் ஆகும், அதாவது சுமார் 24 கிராம் ஆல்கஹால். முதல்முறைக்கு அது போதும்.

முதலில் வைஸ்புர்குண்டர் என்ற வெள்ளைத் திராட்சையின் ட்ரோக்கன். புளிப்பு மென்மையானது, நாக்கைத் தயார்படுத்தும். அடுத்துதான் முக்கியமான பாடம்: ரீஸ்லிங் ட்ரோக்கன் ஒன்று, ரீஸ்லிங் ஹால்ப்ட்ரோக்கன் அல்லது ஃபைன்ஹெர்ப் ஒன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிளாஸை மேசையில் வைத்தபடியே மெல்லச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், சில சமயம் பீச் பழம். நாலைந்து வருடப் பழையது என்றால் லேசாக மண்ணெண்ணெய் வாடைகூட வரும். பயப்பட வேண்டாம், அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. முதிர்ந்த ரீஸ்லிங்கின் குணம் அது, அதற்காகவே தேடி வாங்குகிறவர்களும் உண்டு. இப்போது ட்ரோக்கனை ஒரு வாய். உடனே விழுங்காமல் மூன்று நான்கு நொடி வாயில் உருட்டுங்கள். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறும், புளியங்காயைக் கடித்த மாதிரி. விழுங்கியபின் அந்த ஊறல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். நல்ல ஒயினில் மணமும் அதோடு சேர்ந்து நிற்கும். பிறகு ஹால்ப்ட்ரோக்கன். இதிலும் புளிப்பு அவ்வளவே இருக்கக்கூடும், ஆனால் சர்க்கரை அதைத் தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு வரும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் ஜெர்மன் ஒயினில் பாதி புரிந்த மாதிரி.

நான்காவது ஷாய்ரேபே. 1916-இல் ஜார்ஜ் ஷாய் என்பவர் ஆல்ட்ஸாய் ஊரில் உருவாக்கிய திராட்சை ரகம். கிரேப்ஃப்ரூட், பிளாக்கரண்ட் பழம் போன்ற கூர்மையான மணம். கடைசியாகக் கெவுர்ஸ்ட்ராமினர். புளிப்பு குறைவு, மணம் ரோஜாவும் லிச்சியும். முதல் முறை குடிப்பவர்கள் பலர் இதில்தான் மயங்குவார்கள். அதனாலேயே கடைசியில் வைக்கிறேன். இனிப்பும் மணமும் மிகுந்ததை முதலில் குடித்துவிட்டால் பின்னால் வரும் ட்ரோக்கன் எல்லாம் வெறும் புளிக்கரைசலாகத் தெரியும். டோர்ன்ஃபெல்டர், ஷ்பேட்புர்குண்டர் போன்ற சிவப்புகளை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அவற்றின் துவர்ப்புக்குச் சாப்பாடு வேண்டும், தனியாக இன்னொரு நாள் பார்க்கலாம்.

கிளாஸ் ரொம்பச் சில்லென்று இருந்தால் உள்ளங்கையில் பொத்தி இரண்டு நிமிடம் வையுங்கள், மணம் திறந்துகொள்ளும். அடியில் சர்க்கரைக் கற்கண்டு மாதிரித் துகள் தெரிந்தால் அதுவும் நம் டார்டாரிக் அமிலம்தான், குளிரில் உப்பாகப் படிந்தது. கெடுதல் இல்லை. பிற்பகலிலேயே போய்விடுங்கள், முடிந்தால் திங்கட்கிழமை. மாலையானால் வறுக்கும் புகையும் கூட்டமும் மூக்கை அடைத்துவிடும். அன்று சென்ட்டும் மல்லிகைப்பூவும் வேண்டாம்.

சாப்பாட்டில் கவனம் தேவை. ஊரின் பெருமையான ஸௌமாகன் பன்றியிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்தது. மாவின் மேல் வெங்காயம் பரப்பிச் சுடும் ஸ்வீபல்கூஹனில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். உருளைக்கிழங்கோடு வெள்ளைத் தயிர்க்கட்டி, 'வைஸர் கேஸ்' என்பார்கள், உங்களுக்குச் சரிவரும், பிரெட்ஸலும் உண்டு. வெறும் வயிற்றோடு தொடங்காதீர்கள். ஒயினைத் தெளியவைக்கச் சிலர் ஜெலட்டினோ முட்டை வெள்ளையோ பயன்படுத்துவார்கள். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் "வேகான்?" என்று கேளுங்கள், தோட்டக்காரர்கள் பலருக்கும் உடனே பதில் தெரியும்.

கணவருக்கு 'ட்ராவ்பென்ஸாஃப்ட்', அதாவது திராட்சைச் சாறு. சோடா கலந்தும் தருவார்கள். அவர் கிளாஸையும் சேர்த்து உயர்த்தி, கண்ணைப் பார்த்து 'சும் வோல்' சொல்ல வேண்டும். ஒயினுக்கு அங்கே அதுதான் முறை.

அவர் குடிக்காவிட்டாலும் காரை விட்டுவிட்டுப் போவது நல்லது, வண்டி நிறுத்த இடம் தேடியே மாலை போய்விடும். மன்ஹைமிலிருந்து உங்கள் ஊர் வழியாக டிராமே நேராக பாட் டுர்க்ஹைம் போகிறது. யாராவது ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.5 ப்ரோமில், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு. உரிமம் எடுத்து முதல் இரண்டு ஆண்டில் இருப்பவருக்கும் 21 வயது நிரம்பாதவருக்கும் ஒரு துளியும் கூடாது. திடலருகே பிரம்மாண்டமான மரப்பீப்பாய் ஒன்று தெரியும், 1934-இல் செய்தது, 17 லட்சம் லிட்டர் கொள்ளளவு. உள்ளே ஒயின் இல்லை, உணவகம்தான்.

பிடித்த ஒயினின் பட்டியல் வரியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், தோட்டம், ஆண்டு, ட்ரோக்கனா இல்லையா, நான்கும் தெரிய வேண்டும். பிறகு அந்தத் தோட்டத்திலேயே நிதானமாக வாங்கலாம். அந்தப் பருவத்தில் 'ஃபேடர்வைசர்' என்று பால் கலங்கலாக ஒன்று விற்பார்கள், இன்னும் நொதித்துக்கொண்டே இருக்கும் புது ஒயின். குடிக்க இனிப்பாக, சுறுசுறுவென்று இருக்கும். 4 சதவீதத்தில் தொடங்கி 11 வரை நாளுக்கு நாள் ஏறும். வாயு வெளியேற வேண்டும் என்பதால் பாட்டில் இறுக்கி மூடியிருக்காது. வாங்கினால் பையில் படுக்கப் போடாதீர்கள், டிராமில் மடியிலேயே நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாருங்கள்.