ஹாலுக்கு எத்தனை இன்ச் டிவி?

டிவி விற்பதும் சுவரில் மாட்டிக் கொடுப்பதும் என் தொழில். தீபாவளித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் ஆளாளுக்கு அளவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், எங்கள் ஹால் 12-க்கு 10 அடி. 55 இன்ச் எடுக்க நினைத்தேன், கடைக்காரர் 65 என்கிறார். எது சரி? (திருச்சி)

ஹாலின் அளவு எனக்கு வேண்டாம். சோஃபாவில் வழக்கம்போல் சாய்ந்து உட்காருங்கள். கண்ணிலிருந்து திரை வரப்போகும் இடம்வரை டேப் பிடியுங்கள். நீளவாக்கில் டிவி வைத்தாலும், சோஃபாவும் ஸ்டாண்டும் அடைத்தது போக 9 அடிதான் மிஞ்சும். அதாவது 108 இன்ச். அதை இரண்டால் வகுத்தால் 54. செய்தி, சீரியல், கொஞ்சம் கிரிக்கெட் என்று கலந்து பார்க்கும் வீட்டுக்கு நான் போடும் கணக்கு இதுதான். உங்களுக்கு 55 போதும்.

படம் பார்க்கவே வாங்குகிறீர்கள் என்றால் 1.6-ஆல் வகுக்க வேண்டும். நம் பார்வையில் 30 டிகிரி அகலத்தைத் திரை நிறைக்கும் கணக்கு அது. அப்போது 67 வரும், கடைக்காரர் சொன்ன 65 பொருந்தும். திரையரங்குகளின் ஒலி, படத் தரத்துக்குச் சான்று தரும் டிஎச்எக்ஸ் நிறுவனம் 40 டிகிரி என்கிறது. அதன்படி 9 அடிக்கு 90 இன்ச். திரையரங்கு மாதிரி தனி அறை இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அண்ணா, 43-லிருந்து 55-க்கு மாறினேன். பழைய டிவியில் பளிச்சென்று இருந்த சேனல்கள் இதில் மங்கலாகத் தெரிகின்றன. டிவியில் கோளாறா? (மதுரை)

கோளாறு இல்லை. சாதாரண எஸ்டி சேனலில் படத்துக்கு 576 வரிகள்தான். உங்கள் புதிய டிவி 4கே என்றால் அதில் 2160 வரிகள். இல்லாத வரிகளை டிவி ஊகித்து நிரப்புகிறது. போதாததற்கு, 55 இன்ச் திரையின் பரப்பு 43-ஐவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். சின்னத் திரையில் ஒளிந்திருந்த குறையெல்லாம் இப்போது வெளியே தெரிகிறது. எச்டி செட்டாப் பாக்ஸுக்கு மாறுங்கள். அதை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் செருகிவிட்டுப் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: கடையில் ஓடும் கிளி, பழம், நீர்வீழ்ச்சியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் தினமும் ஓடும் சேனலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கிராமத்தில் அம்மா இன்னும் 21 இன்ச் பெட்டி டிவிதான் பார்க்கிறார். 24 இன்ச் எல்இடி வாங்கிக் கொடுத்தால் பெரிதாகத் தெரியுமா? (புதுக்கோட்டை)

தெரியாது. பழைய பெட்டி டிவி நாலுக்கு மூன்று என்ற சதுரப்பாங்கான வடிவம். இன்றையது பதினாறுக்கு ஒன்பது. 24 இன்ச் எல்இடியின் உயரம் 12 இன்ச்சுக்குள் அடங்கிவிடும், பழையதும் ஏறக்குறைய அவ்வளவுதான். செய்தி வாசிப்பவர் முகம் பெரிதாகாது, பக்கவாட்டில் இடம்தான் கூடும். 32 வாங்குங்கள்.

ஷோகேஸில் டிவிக்காக விட்ட இடம் 48 இன்ச் அகலம். 50 இன்ச் டிவி நுழையாதே? (ஈரோடு)

நுழையும். 50 என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் 44 இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு. 55-க்கு அகலம் 48, அதனால் சட்டத்தோடு உங்கள் ஷோகேஸில் இடிக்கும். எதற்கும் பெட்டியில் போட்டிருக்கும் செ.மீ. அளவைப் பாருங்கள். காற்றோட்டத்துக்குச் சுற்றிலும் கொஞ்சம் இடம் வேண்டும்.

குழந்தை கை படாமல் கதவு நிலை உயரத்தில் மாட்டச் சொல்கிறார் அப்பா. மாட்டலாமா? (சேலம்)

தயவுசெய்து வேண்டாம். சரியான அளவில் டிவி வாங்கிவிட்டுக் கழுத்து வலி என்று சொல்கிறவர்களில் பலர் வீட்டில் டிவி கூரையைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. சோஃபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 40 இன்ச் உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அங்கே வர வேண்டும். பாய் விரித்துத் தரையில் உட்காரும் வீடுகளில் கண் இன்னும் ஓரடி இறங்கிவிடும். இரண்டு வகையாகவும் உட்காருவீர்கள் என்றால் சோஃபா உயரத்துக்கே மாட்டி, கீழே சாய்க்கக்கூடிய பிராக்கெட் போடுங்கள்.

துளை போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, 55 இன்ச்சுக்கு 48-க்கு 27 என்று வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு மூன்று நாள் அதைப் பார்த்தபடி சாப்பிடுங்கள். அளவு, உயரம் இரண்டும் அதிலேயே முடிவாகிவிடும். அப்பாவும் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சம்மதிப்பார். குழந்தைக்குப் பயந்தால் அதற்கு வழி உறுதியான பிராக்கெட்தான். சுவர் ஏஏசி கல்லால், அதாவது காற்றுத் துளைகள் உள்ள எடை குறைந்த கான்கிரீட் கல்லால் கட்டியது என்றால் மாட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்குத் தனி ஆணி உண்டு.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கண் கெடுமா?

கண் களைக்கும், கெடாது. ஆனால் குழந்தை எப்போதும் திரைக்கு அருகிலேயே போய் நின்றால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கிட்டப்பார்வையாக இருக்கலாம்.

32-க்கு மேல் போனால் வரி அதிகம் என்கிறார்களே? (வேலூர்)

அது பழைய கதை. 32 இன்ச்சுக்கு மேற்பட்டவற்றுக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. 32 வரைக்கும் முன்பே 18தான்.

நாலாவது மாடி ஃப்ளாட், 75 இன்ச் ஆசை. ஹாலில் 12 அடி தூரம் கிடைக்கிறது. வாங்கலாமா? (சென்னை)

தூரம் தாராளம். லிஃப்டை அளந்தீர்களா? 75 இன்ச் டிவியின் அகலமே ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைவு. அட்டைப்பெட்டி அதைவிட நீளம். படுக்க வைத்துத் தூக்கவும் கூடாது, திரை விரிசல் விடும். லிஃப்டில் போகாது என்றால் படிக்கட்டுத் திருப்பத்தையும் வாசல் நிலையையும் அளந்துகொண்டு, மாடிவரை ஏற்றித் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.