காய்ச்சலே இல்லாதவர் எதற்கு மலேரியா மாத்திரை சாப்பிட வேண்டும்?

கேள்வி: லாவோஸின் சவன்னகேட் மலைக்கிராமங்களுக்குச் செவிலியராகப் போகிறேன். ஊர் முழுக்க மலேரியா மருந்து கொடுக்கும் திட்டம். "நன்றாக இருக்கும் எனக்கு எதற்கு?" என்று கேட்டால் என்ன சொல்வது?

பதில்: நியாயமான கேள்விதான், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். மலேரியா அடிக்கடி வந்துபோகும் ஊரில் பலரின் ரத்தத்தில் காய்ச்சல் இல்லாமலேயே கிருமி மாதக்கணக்கில் தங்கியிருக்கும். அளவு மிகக் குறைவு என்பதால் ரேபிட் டெஸ்ட் அட்டையிலும் பெரும்பாலும் தெரியாது. ஆனால் கொசு அவரைக் கடித்துவிட்டு அடுத்தவரைக் கடித்தால் தொற்று தொடரும். 100 பேரில் 80 பேராவது விழுங்கினால்தான் பலன்.

வழக்கமான மருந்து டைஹைட்ரோ ஆர்ட்டிமிசினின்-பிப்பராகுவின், ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து. தொடர்ந்து 3 நாள், மாதம் ஒரு சுற்று, 3 சுற்று. 40/320 மி.கி. மாத்திரை (முதல் மருந்து 40, பிப்பராகுவின் 320) என்றால் 36 கிலோ முதல் 60 கிலோவுக்குள் இருப்பவருக்கு தினம் 3. எடை பார்க்காமல் கொடுக்காதீர்கள். எண்ணெய்ச் சாப்பாட்டோடு வேண்டாம். பிப்பராகுவின் உடலில் அதிகமாகச் சேர்ந்து இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்களை முதலிலேயே விலக்குங்கள். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் முழு அளவும் மறுபடி, அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் என்றால் பாதி, ஒரு முறைதான்.

மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். யானைக்கால் மாத்திரை அலமாரியில் தூங்குவதை நம் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். எதிரிலேயே விழுங்கட்டும்.

திட்டம் பெரும்பாலும் சறுக்குவது மருந்தால் அல்ல. தலைசுற்றல், குமட்டல் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், முதல் சுற்றில் வாந்தி எடுத்த ஒருவரைப் பார்த்து இரண்டாம் சுற்றில் தெருவே கதவைச் சாத்தும். பரிசோதனைக்காக விரல் நுனியில் எடுக்கும் ரத்தம் எத்தனை சொட்டு, எங்கே போகிறது என்பதை ஊர்க்கூட்டத்திலேயே விளக்குங்கள். விளக்கம் இல்லாத இடத்தில் வதந்தி புகும். மலையில் லாவோ மொழியே தெரியாத மூதாட்டிகள் உண்டு. அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பேச வைத்தால் அச்சடித்த நோட்டீஸைவிடப் பயன் அதிகம். ஊர்த் தலைவரின் சம்மதம் வாசலைத் திறக்கும், அவ்வளவுதான். மறுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு.

மழைக்காலத்தில் குடும்பங்கள் மலைவயல் குடிசைகளில் தங்கிவிடும். ஆகவே மழைக்கு முன்பே முடிப்பது நல்லது. வீடுகளுக்குப் போவது விடியற்காலையிலோ மாலையிலோ இருக்கட்டும். காட்டுக்குப் போனவர் பெயரைக் குறித்துவைத்துத் திரும்பியதும் கொடுங்கள். கிருமி அதிகம் சுமப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

முதல் மூன்று மாதக் கர்ப்பிணிக்கும் 5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் மருந்து கிடையாது. கர்ப்பமா என்று வரிசையில் வைத்துக் கேட்காதீர்கள். மணமாகாத பெண் "இல்லை" என்றுதான் சொல்வாள். தனியறையில் ஒரு பெண் பணியாளர் கேட்கட்டும், சிறுநீர்ப் பரிசோதனை செய்யட்டும்.

ஒன்றை மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்: "இனி மலேரியாவே வராது" என்று. மலேரியாக் கிருமியில் வைவாக்ஸ், பால்சிபாரம் என்று வகைகள் உண்டு. இந்த மருந்து ஈரலில் உறங்கும் வைவாக்ஸ் கிருமியைத் தொடாது. சில வாரம் கழித்து அது எழும்பும். வெளியிலிருந்து பால்சிபாரமும் திரும்ப வரலாம். சுற்றுகள் முடிந்த பிறகும் கொசுவலை கட்டவும், காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தம் பார்க்கவும் சொல்லி வையுங்கள்.